சாக்கு நெய்த ஊர் கேம் படிப்பித்த கதை



உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு ஒரு வாப்பா தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். கடல் தொழில் செய்பவர். கையில், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் முகவர் ஒருவர் கொடுத்த பளபளப்பான புத்தகம் ஒன்று. மகள் கணிதப் பிரிவு. பெறுபேறு மோசமில்லை, ஆனால் பொறியியல் பீடத்துக்கு இசட் புள்ளி காணாது. அவள் கேட்டது ஒன்றுதான். ஸ்கொட்லாந்தில் வீடியோ கேம் உருவாக்கும் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள், பாடசாலையிலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும்.

வாப்பா கேட்டதுதான் எங்களை உறங்க விடவில்லை. "கேம் வெளாடுறத்துக்கும் கம்பஸ் இரிக்கா சேர்? இதுக்கு நான் காணிய விக்கணுமா?"

ஆசிரியர் அறையில் சிலர் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் பதில் தெரியவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டோம். கேம் என்றால் பிள்ளையின் கையிலிருந்து போனைப் பறிக்கிற விடயம் என்பதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அந்த ஒரு கிழமை தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். நமதூரில் இதே கேள்வியோடு இன்னும் சில வீடுகள் இருக்கின்றன என்பது தெரியும். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில், டே என்ற ஆறு கடலோடு சேரும் இடத்தில் டண்டீ என்று ஒரு நகரம். 19ஆம் நூற்றாண்டில் உலகுக்கே சாக்கு நெய்த ஊர் அது. நெல் கட்டுகிற, கோப்பி கட்டுகிற அதே சணல் சாக்குதான். சணல் விளைந்தது வங்காளத்தில். கப்பலில் டண்டீக்குப் போகும். நார் முரடானது என்பதால் அதைத் திமிங்கில எண்ணெய் தடவி மெதுவாக்கித்தான் நெய்தார்கள். டண்டீயில் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் இருந்ததால் எண்ணெய்க்குக் குறைவில்லை. ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள், ஏனென்றால் பெண்களுக்குக் கூலி குறைவு. வேலையில்லாத ஆண்கள் வீட்டில் கேத்தல் வைத்துத் தேநீர் ஊற்றுவதாக ஊரிலே ஒரு கேலிப் பெயரும் இருந்ததாம்.

பிறகு கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில் சணல் ஆலைகள் எழும்பின. அவற்றில் பலவற்றை நடத்தப் போனவர்களே டண்டீக்காரர்கள்தான். சணல் விளைகிற இடத்திலேயே, இன்னும் குறைந்த கூலிக்கு நெய்யலாம் என்றால் யார்தான் கடல் தாண்டி அனுப்புவார்கள்? டண்டீயின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஒரே தொழிலை நம்பிய ஊருக்கு அந்தத் தொழில் போனால் என்ன நடக்கும் என்பதை நமது கரையோர ஊர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டைமெக்ஸ் கைக்கடிகாரக் கம்பனி அங்கே தொழிற்சாலை போட்டது. பல ஆயிரம் பேருக்கு வேலை, அங்கும் பெரும்பாலும் பெண்கள். சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு மவுசு குறைந்தபோது அந்தத் தொழிற்சாலை வேறு கம்பனிகளின் பொருட்களைப் பொருத்திக் கொடுக்கத் தொடங்கியது. அப்படி வந்ததுதான் சின்கிளேயர் கம்பனியின் வீட்டுக் கணினி. 1982இல் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற மாதிரி டண்டீயிலேயே பொருத்தப்பட்டது. விலை 125 பவுணிலிருந்து. ரப்பர் பொத்தான்கள். திரை கிடையாது, வீட்டு டிவியில்தான் மாட்டவேண்டும். கேம் வேண்டுமென்றால் பாட்டுக் கேட்கும் கெசட்டை டேப் ரெக்கோடரில் போட்டு, கீச்கீச் சத்தம் முடியும்வரை சில நிமிடங்கள் காத்திருக்கவேண்டும்.

ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு விசேஷம் இருந்தது. இன்றைய போன் போல அது விளையாட மட்டும் விடுகிற சாமானல்ல. போட்டவுடன் "என்ன எழுதப்போகிறாய்?" என்பது போல வெறுமையாக நிற்கும். பேசிக் என்ற மொழியில் நாமாக எழுதினால்தான் ஏதாவது நடக்கும். சஞ்சிகைகளில் கேம்களின் நிரல் பக்கம் பக்கமாக அச்சாகும். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தட்டுவார்கள். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் ஓடாது. பிழை தேடித் தேடியே நிரல் எழுதக் கற்றது ஒரு தலைமுறை. பொருத்தும் ஆலை ஊரிலேயே இருந்ததால் டண்டீ வீடுகளில் இந்தப் பெட்டி நிறையவே இருந்தது என்பார்கள். அவையெல்லாம் கடையில் வாங்கியவைதானா என்பது வேறு கதை.

கிங்ஸ்வே தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு கணினிக் கழகம் இருந்தது. ஊர்ப் பெடியன்கள் தங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து கூடும் இடம். அங்கே சேர்ந்தவர்கள்தான் டேவிட் ஜோன்ஸ், மைக் டெய்லி, ரசல் கே, ஸ்டீவ் ஹாமண்ட். ஜோன்ஸ் டைமெக்ஸில் வேலை பழகியவர். ஆட்குறைப்பில் வெளியே வந்தபோது கிடைத்த காசில் அமிகா என்ற கணினியை வாங்கினார். டண்டீ தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்துக்கொண்டே கேம் எழுதினார். அந்த நிறுவனத்தின் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

அவர்கள் தொடங்கிய கம்பனி டிஎம்ஏ டிசைன். 1991 பெப்ரவரியில் அவர்களுடைய லெமிங்ஸ் வெளியானது. உலகம் முழுக்க விற்றது. அதை இறக்கி விளையாடிப் பார்த்தோம் (ஆசிரியருக்கு இதுவும் ஒரு வீட்டுப்பாடம்). சின்னஞ்சிறிய மனிதர்கள் வரிசையாக நடந்துகொண்டே இருப்பார்கள். முன்னால் பள்ளமோ நெருப்போ, நிற்கமாட்டார்கள். நாம் சிலருக்கு மட்டும் ஒரு வேலை கொடுக்கலாம். நீ குடை பிடித்து இறங்கு, நீ படி கட்டு, நீ சுவரைத் துளை, நீ வழியை மறித்து நில். மொத்தம் எட்டு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிக்கை. அத்தனை பேரையும் காப்பாற்ற முடியாத கட்டங்கள் உண்டு. வழி மறித்து நின்றவனைப் பல வேளை விட்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் கரை சேர்க்கவேண்டும். ஒரு மணித்தியாலம் போனது தெரியவில்லை, அஸருக்குப் பிந்தி விட்டோம்.

இந்தக் கேம் பிறந்த விதம் முக்கியம். திரையில் ஒரு மனிதனை எவ்வளவு சிறிதாக வரைந்து நடக்க வைக்கலாம் என்று ஒரு பந்தயம் போல எழுந்த பேச்சில், மைக் டெய்லி பகல் சாப்பாட்டு நேரத்தில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகளுக்குள் ஓர் உருவத்தை வரைந்து ஓடவிட்டார். அதைப் பார்த்த ரசல் கே, இதற்குள் ஒரு கேம் இருக்கிறது என்றார். முதலில் கைவேலை, பிறகுதான் யோசனை. பல்கலைக்கழகம் அப்போது காட்சியிலேயே இல்லை.

1993இல் டைமெக்ஸ் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பதில் ஆட்களை பஸ்ஸில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். மாதக்கணக்கில் பெண்கள் வாசலில் நின்றார்கள். அந்த ஓகஸ்டில் எல்லாம் முடிந்தது. சாக்கும் போனது, கடிகாரமும் போனது. மிஞ்சியது கம்பியூட்டர் பழகிய ஒரு கூட்டம் பெடியன்கள்.

அந்த டண்டீ தொழில்நுட்ப நிறுவனம் 1994இல் அபர்டே பல்கலைக்கழகம் ஆனது. 1997இல் அது கணினி விளையாட்டுத் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பு தொடங்கியது. உலகிலேயே முதலாவது என்று சொல்லிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் டிஜிபென் நிறுவனமும் தாங்கள்தான் முதலாவது என்கிறது. 1988இல் கனடாவின் வன்கூவரில் தொடங்கி, 1994இல் நின்டென்டோ கம்பனியோடு சேர்ந்து இரண்டு வருடக் கற்கை நடத்தி, 1996இல் வாஷிங்டன் மாநிலத்தில் பட்டம் வழங்க அனுமதி பெற்ற நிறுவனம் அது. இந்த முதலாவது சண்டையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

ஏன் அந்தக் காலத்தில், ஏன் ஒரு பட்டமாக? ஸ்பெக்ட்ரம் காலத்தில் ஒரு பெடியன் தன் அறையில் தனியாக ஒரு கேமை முடிக்கலாம். 90களின் நடுவில் பிளேஸ்டேஷன் வந்தது, முப்பரிமாணம் வந்தது. திரையில் ஒரு கார் திரும்புகிறது என்றால் அதன் ஒவ்வொரு மூலையும் எங்கே வரும் என்று ஒரு வினாடியில் பல தடவை கணக்குப் பார்க்கவேண்டும். காவி, தாயம், திரிகோண கணிதம் எல்லாம் அங்கே வேலை செய்கின்றன. மோதினால் எப்படித் தெறிக்கும் என்பது பௌதிகம். கூடவே வரைபவர், இசையமைப்பவர், சோதிப்பவர் என்று ஒரு கூட்டமே சேர்ந்து வேலை செய்யவேண்டும். இது அத்தனையும் ஒன்றாகத் தெரிந்த பட்டதாரியைச் சாதாரண கணினிப் படிப்பு உருவாக்கவில்லை. ஊரிலிருந்த கம்பனிகளுக்கு ஆள் தேவை, ஊரிலிருந்த பல்கலைக்கழகம் ஆள் உருவாக்கியது. இணைந்த கணிதத்தில் காவி படிப்பிக்கும்போது "இது எதுக்கு சேர்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இனிமேல் சொல்ல எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது.

மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லவேண்டும். அதே 1997இல் வெளியான, அதே டிஎம்ஏ டிசைன் உருவாக்கிய இன்னொரு கேம் கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ. கார் திருடுவதும் ஆள் அடிப்பதுமான கேம். பிரித்தானியப் பிரபுக்கள் சபையிலேயே அதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. இன்று நம் பிள்ளைகள் போனில் விளையாடுவதைக் கண்டு நாம் பதறுகிற வகைக் கேம்களுக்கு அது ஒரு மூத்த காக்கா. ஒரே ஊர், ஒரே கம்பனி, ஒரு பக்கம் லெமிங்ஸ், மறு பக்கம் இது. இந்தத் துறைக்குப் போகும் பிள்ளை எதை உருவாக்குவது, எதற்குக் கை கொடுக்காமல் இருப்பது என்று ஒரு நாள் தானே முடிவெடுக்க வேண்டிவரும். சூதாட்டம் போலக் காசு கறக்கும் கேம்களும் இருக்கின்றன. அதைச் சொல்லித்தான் அனுப்பவேண்டும். ஆனால் அச்சகத்தில் கெட்ட புத்தகமும் அச்சாகிறது என்பதற்காக நாம் அச்சுத் தொழிலை ஹராம் என்று சொல்வதில்லை.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். மேலே சொன்ன கதை தெரியாமல் அந்தப் படிவத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. கதை தெரிந்தால் அது ஏன் அப்படிக் கேட்கிறது என்பது விளங்கும்.

நமக்குப் பழக்கமானது இசட் புள்ளி. புள்ளி வந்தால் இடம் வரும், நாம் யார், என்ன செய்தோம் என்று யாரும் கேட்பதில்லை. கேம் படிப்போ செய்து காட்டியவர்களிடமிருந்து பிறந்த படிப்பு. அதனால் இன்றும் அது, நீ என்ன செய்திருக்கிறாய் என்று கேட்கிறது. நிரலாக்கப் பக்கத்துக்குக் கணிதம் கட்டாயம் போலத்தான். ஓவியப் பக்கத்துக்கு, தானே வரைந்தவற்றின் தொகுப்பு வேண்டும். வடிவமைப்புப் பக்கத்துக்கு, தானே செய்த சின்னக் கேம்கள் இருந்தால் பேச ஏதாவது இருக்கும். "எனக்குச் சின்ன வயதிலிருந்தே கேம் விளையாட ஆசை" என்று எழுதினால் பயனில்லை. விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் அந்த ஆசை இருக்கிறது.

டிஜிபென் மாணவர்கள் சிலர் 2005இல் தங்கள் இறுதி ஆண்டு வேலையாக நார்பகுலர் ட்ரொப் என்று ஒரு கேம் செய்தார்கள். சுவரில் இரண்டு வாசல்களைத் திறந்து, ஒன்றால் நுழைந்து மற்றதால் வெளியே வரும் யோசனை. வேலை தேடும் நாளில் அதைப் பார்த்த வால்வ் கம்பனி அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்தது. 2007இல் அதே யோசனை போர்ட்டல் என்ற பெயரில் வந்து உலகப் புகழ் பெற்றது. அவர்கள் மேசையில் வைத்தது ஓடுகிற ஒரு கேமை.

பிரித்தானியாவுக்கு விண்ணப்பிப்பது யூகாஸ் என்ற ஒரே வாசல் வழியாக. ஒரு படிவத்தில் ஐந்து தெரிவுகள் வரை போடலாம். தன்னைப் பற்றிய கூற்று முன்பு ஒரே கட்டுரையாக இருந்தது, 2026இல் சேருவோரிலிருந்து மூன்று கேள்விகளாக்கிவிட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு? இதுவரை படித்தது எப்படி உன்னைத் தயார்படுத்தியது? பாடசாலைக்கு வெளியே என்ன செய்தாய்? மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகளையும் எண்ணி, 4000 எழுத்துகள்தான். மூன்றாவது கேள்வியில்தான் நமது பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். பாடசாலைக்கு வெளியே அவர்களை நாம் டியூசனைத் தவிர எங்கே போக விட்டோம்?

செய்து பழகக் காசு தேவையில்லை. ஸ்கிராட்ச் இலவசம், கோடோ இலவசம், முப்பரிமாண உருவங்களுக்கு பிளெண்டர் இலவசம். நல்ல கணினி இல்லையென்றால் காகிதத்திலேயே ஒரு பலகை விளையாட்டை உருவாக்கி, நாலு பேரை விளையாட வைத்து, எங்கே சலிப்பு வந்தது, எந்த விதியை மாற்றினோம் என்று குறித்து வைத்தாலும் அது வடிவமைப்பு வேலைதான். பிழைத்துப்போன முயற்சிகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். கூட்டாகச் செய்திருந்தால் தன் பங்கு எது என்பதை உண்மையாக எழுதவேண்டும்.

வாப்பாவின் மற்றக் கேள்விக்கு, அந்தக் காணிக்கு, இவ்வளவு இலகுவாகப் பதில் சொல்ல முடியவில்லை.

டண்டீ கதையின் பிற்பகுதியையும் படித்தோம். டேவிட் ஜோன்ஸ் பிறகு தொடங்கிய ரியல்டைம் வேர்ல்ட்ஸ் கம்பனி, பல வருடம் உழைத்த ஒரு கேமை 2010 நடுப்பகுதியில் வெளியிட்டது. சில வாரங்களில், ஓகஸ்டில், கம்பனி முறிந்தது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் அதே ஊரில் சின்னச் சின்னக் கம்பனிகள் தொடங்கினார்கள் என்பதும் உண்மை. 2011இல் பிரித்தானியாவில் இயன் லிவிங்ஸ்டனும் அலெக்ஸ் ஹோப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கேம் என்று பெயர் போட்ட 141 பட்டப்படிப்புகளில் துறையின் அங்கீகாரம் பெற்றவை 10தான் என்றும், படித்து வெளியேறி ஆறு மாதத்துக்குள் அந்தத் துறையிலேயே வேலை கிடைத்தோர் 12 வீதம்தான் என்றும் அது சொன்னது. பழைய கணக்கு, உண்மைதான். ஆனால் முகவரின் புத்தகத்தில் சிரிக்கிற முகங்களைப் பார்த்துக் காணி விற்கப் போகிறவர் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும். பெயரில் கேம் இருப்பதால் மட்டும் ஒரு படிப்பு நல்ல படிப்பு ஆகாது. அங்கே என்ன பாடம், யார் படிப்பிக்கிறார்கள், முடித்தவர்கள் செய்த கேம்கள் எவை என்று முகவரிடமல்ல, பல்கலைக்கழகத்திடமே மின்னஞ்சலில் கேட்கலாம். பதில் போடுவார்கள். அந்தப் பிள்ளையே கேட்டு எழுதட்டும்.

இன்னொன்று. ஸ்கொட்லாந்தில் பட்டம் நான்கு வருடம், இங்கிலாந்தில் பெரும்பாலும் மூன்று. ஒரு வருடக் கட்டணமும் சாப்பாடும் இருப்பிடமும் மேலதிகம். பெறுபேற்றைப் பார்த்து நேரே இரண்டாம் வருடத்தில் எடுப்பதும் உண்டு, கேட்டுப் பார்க்கவேண்டும். முகவரின் புத்தகத்தில் இது எங்களுக்குத் தட்டுப்படவில்லை.

அதனால் வாப்பாவிடம் நாங்கள் சொன்னது இதுதான். கம்பஸ் இருக்கிறது, அது விளையாட்டுக் கம்பஸ் அல்ல, கணக்கும் பௌதிகமும் ஓவியமும் உள்ள படிப்பு. மகளுக்குக் கணிதம் வரும். ஆனால் இந்த வருடம் காணியில் கை வைக்கவேண்டாம், வட்டிக்கும் போகவேண்டாம். இங்கே கணினி விஞ்ஞானம் படித்துவிட்டும் அந்தத் துறைக்குப் போகலாம், அந்த வழியையும் திறந்து வைப்போம். விண்ணப்பிக்கும் ஆசை இருந்தால் ஒரு வருடம் எடுக்கட்டும். முதலில் ஒரு கேமைச் செய்து முடித்துக் காட்டட்டும். கடிதம் நாங்கள் தருகிறோம், ஆனால் அதில் எழுத எங்களுக்கும் ஏதாவது வேண்டும்.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வருடமா என்று முகம் வாடியது. எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பெண் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது வீட்டில் வேறு பேச்சுகள் தொடங்கப் போதுமான காலம். அதை வாப்பாவிடம் வெளிப்படையாகவே சொன்னோம். "அதெல்லாம் நான் பாத்துக்குறன் சேர்" என்றார். அந்த வாக்கை இங்கே பொதுவில் எழுதிவைக்கிறோம்.

போன கிழமை இருவரும் திரும்ப வந்தார்கள். அவளுடைய நானாவின் பழைய லெப்டொப்பில், முகத்துவாரத்தைத் தாண்டித் தோணியைக் கடலுக்கு இறக்குகிற ஒரு சின்னக் கேம். அலையின் இடைவெளி பார்த்துப் பொத்தானை அழுத்தவேண்டும். நாங்கள் மூன்று தரம் கவிழ்ந்தோம். வாப்பா வாங்கி ஒரு தரம் பார்த்தார், அவரும் கவிழ்ந்தார். பிறகு திரையை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார், "புள்ள, இது கச்சான் காலம் எண்டு போட்டிரிக்காய். கச்சான் கரையிலிருந்து கடலுக்கெல்லவா அடிக்கும்? நீ மாறிப் போட்டிரிக்காய்."

அவள் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். கடிதத்தில் பாதி எழுதியாயிற்று.